ஷெல் அதிர்ச்சி: ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

1914ஆம் ஆண்டின் இறுதியிலே, பிரான்சின் வடகரையிலுள்ள லெ துக்கே என்னும் கடலோர நகரில், செல்வர் சூதாடிக் களித்த மாளிகையொன்று வைத்தியசாலையாக மாற்றப்பட்டிருந்தது. சூது மேசைகள் கிடந்த மண்டபங்களிற் பிரித்தானியச் சிப்பாய்கள் காயங்களோடு கிடந்தனர். அங்குப் பணிபுரிந்த சார்ள்ஸ் சாமுவேல் மயர்ஸ் என்னும் கேம்பிரிட்ஜ் உளவியலறிஞரிடம் இருபது வயதுச் சிப்பாய் ஒருவன் கொண்டுவரப்பட்டான். முட்கம்பி வேலியிற் சிக்கி அவன் தவித்துக்கொண்டிருந்த வேளையிற் சுற்றிலும் ஷெல்கள் விழுந்து வெடித்தன. உடலிலே சொல்லத்தக்க காயம் எதுவுமில்லை. ஆயினும் பார்வை மங்கிவிட்டது. மணமும் சுவையும் அறியும் புலன்கள் தம் தொழிலை மறந்துவிட்டன. இவனையும் இவனையொத்த வேறிருவரையும் ஆராய்ந்து 1915 பெப்ருவரியில் 'லான்செற்' என்னும் வைத்திய ஏட்டிலே மயர்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். போர்முனையில் வாய்மொழியாக வழங்கத் தொடங்கியிருந்த 'ஷெல் ஷொக்' என்னுந் தொடர் அக்கட்டுரையின் வாயிலாக வைத்திய இலக்கியத்தில் ஏறியது. ஷெல் என்பது யாதென நம் நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டிய தேவை இன்று இல்லை. ஆதலின் ஷெல் அதிர்ச்சி என்றே இக்கட்டுரையில் அதனைக் குறிப்போம்.

மயர்ஸ் தமது முதற் கட்டுரையிலேயே குறித்துவைத்த செய்தியொன்று மனங்கொள்ளத்தக்கது. பார்வையும் மணமும் சுவையும் கெட்டிருந்த அம்மூவருக்கும் கேள்விப்புலன் பெரும்பாலும் பழுதின்றியே இருந்தது. வெடியின் அதிர்வே நோய்க்குக் காரணமாயின் முதலிற் பழுதுபட்டிருக்க வேண்டியது செவியன்றோ? செவி தப்பிக்கொள்ள நாவும் மூக்கும் செயலற்றுப்போனது எவ்வாறு? வெடியதிர்வினால் மூளையின் நுண்ணிய நாளங்கள் சிதைகின்றன என அக்காலத்து வைத்தியர் பலர் எண்ணினர். நாட்செல்லச் செல்ல, ஷெல் விழுந்த இடத்துக்கு அண்மையிற்கூட நில்லாத சிப்பாய்களும் அதே வகையில் வாயிழந்தும் காலிழுத்தும் கைநடுங்கியும் வந்து சேர்ந்தனர். நோய் உடலினுடையதன்று, தாங்கவொண்ணாததைத் தாங்கச் சொல்லப்பட்ட மனத்தினுடையது என்பதை மயர்ஸ் விரைவிலேயே உணர்ந்தார். தாம் பரப்பிய பெயர் பொருந்தாப் பெயர் என்று பின்னாளில் அவரே வருந்தியதுண்டு.

ஆனால் இராணுவம் அந்தப் பெயரை வேறொரு கண்கொண்டு நோக்கிற்று. பெயர் என்பது கணக்கேட்டில் ஒரு பதிவு. பதிவுக்குப் பின்னால் ஓய்வூதியம் நிற்கிறது. ஓய்வூதியத்துக்குப் பின்னால் திறைசேரி நிற்கிறது. எனவே 1915இல் ஒரு விதி பிறந்தது. எதிரியின் ஷெல் வெடித்ததனால் நேரடியாக மனமுறிந்தவனுடைய சீட்டில், காயம் என்பதைக் குறிக்கும் 'டபிள்யூ' என்னும் ஆங்கில எழுத்து இடப்படும். அவன் காயப்பட்டவனாகக் கணிக்கப்படுவான். காயத்துக்குரிய மதிப்பும் ஓய்வூதியமும் அவனுக்கு உண்டு. அவ்வாறன்றி, வெடிக்கு ஆளாகாமலே முறிந்தவனுடைய சீட்டில், சுகவீனம் என்பதைக் குறிக்கும் 'எஸ்' என்னும் எழுத்து இடப்படும். அவனுக்கு அம்மதிப்பு இல்லை. மூன்று கிழமை அகழியிற் பிணங்களின் நடுவே இருந்து, நண்பனின் உடலைத் துண்டுதுண்டாகக் கோணிப்பையிற் பொறுக்கி, ஒருநாள் திடீரெனப் பேச்சிழந்து போனவனுக்கு எந்த எழுத்து? வைத்தியருக்கு இது வீண் கேள்வி. எழுதுவினைஞருக்கு அதுவே முதற் கேள்வி.

1916 யூலை 1ஆம் திகதி சோம் நதிப் போர் தொடங்கிற்று. அந்த ஒருநாளில் மட்டும் பிரித்தானியப் படையில் 57,470 பேர் இழப்புக் கணக்கிற் சேர்ந்தனர். அவர்களுள் 19,240 பேர் மாண்டனர். அடுத்த மாதங்களில் மனமுறிந்தோரின் தொகை பெருகியது கண்டு தலைமையகம் கலங்கியது. அவர்களைக் கடல்கடத்தி இங்கிலாந்துக்கு அனுப்பினால் அவர்கள் மீள்வது அரிது என்பதையும், நோய் வேரூன்றுவதற்கு முன்னர், போர்முனைக்குச் சில மைல் பின்னாலேயே வைத்து ஓய்வும் உணவும் உறக்கமும் ஆறுதலும் அளித்தால் பலர் தேறுகின்றனர் என்பதையும் மயர்ஸ் கண்டிருந்தார். பிரெஞ்சு வைத்தியர்களும் அதனையே கண்டிருந்தனர். ஆண்டிறுதியில் அத்தகைய நிலையங்கள் அமைக்கப்பட்டன. போர்க்கள மனநோய்ச் சிகிச்சையில் இன்றுவரை நின்று நிலைத்த உண்மை இதுவே: உடனடியாக, அண்மையிலே, 'நீ தேறுவாய்' என்னும் நம்பிக்கையோடு நோயாளியைக் கவனித்தல். இதற்கு அரிய மருந்து எதுவும் வேண்டியதில்லை. சூடான உணவும், நனையாத படுக்கையும், செவிகொடுத்துக் கேட்க ஒருவரும் போதும்.

அதே இராணுவம் 1917 யூனில் வேறொரு கட்டளையும் பிறப்பித்தது. ஷெல் அதிர்ச்சி என்ற சொல்லை இனி எந்த வைத்தியரும் சீட்டில் எழுதலாகாது. 'இன்னும் நிர்ணயிக்கப்படாதது, நரம்பு சார்ந்தது' என்ற பொருளில் நான்கு எழுத்துக்கள் மட்டும் எழுதவேண்டும். சிப்பாய் மெய்யாகவே வெடிக்கு ஆளானவனா என அவனுடைய படைப்பிரிவின் கட்டளையதிகாரி ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பிய பின்னரே நோய்க்குப் பெயர் உண்டு. நோயை நிர்ணயிக்கும் அதிகாரம் இவ்வாறு வைத்தியரிடமிருந்து கட்டளையதிகாரிக்குச் சென்றது. படிவம் வந்து சேருமட்டும் நோயாளி பெயரற்ற நோயுடன் காத்துக்கிடந்தான்.

பெயர் மறுக்கப்பட்டவர்களின் கதி என்ன? ஒருவனது வழக்கை மட்டும் நோக்குவோம். ஹரி ஃபார் என்பவன் வெஸ்ற் யோக்ஷயர் படைப்பிரிவின் சாதாரணச் சிப்பாய். 1915இல் ஷெல் அதிர்ச்சியென வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டு ஐந்து மாதம் அங்கே இருந்தான். கை நடுக்கத்தினால் மனைவிக்கு எழுதவேண்டிய கடிதங்களைத் தாதி ஒருத்தியே எழுதிக்கொடுத்தாள் என்பர். மீண்டும் போர்முனைக்கு அனுப்பப்பட்டான்; 1916இல் மறுபடியும் நரம்புத் தளர்ச்சியுடன் வைத்திய நிலையத்தை நாடினான். அவ்வாண்டு செப்ரெம்பர் 17ஆம் திகதி முன்னரங்குக்குச் செல்லும்படி பணிக்கப்பட்டபோது தன்னால் இயலாது என்றான். ஒக்டோபர் 2ஆம் திகதி கோழைமைக் குற்றத்துக்காக இராணுவ நீதிமன்றில் நிறுத்தப்பட்டான். அவனுக்காகப் பேச எவருமில்லை; தன் வழக்கைத் தானே பேசினான். விசாரணை இருபது நிமிடமளவில் முடிந்தது. ஒக்டோபர் 18ஆம் திகதி வைகறையில், கண்ணைக் கட்டவேண்டாம் என மறுத்து நின்ற அவனைச் சுட்டுக் கொன்றனர். வயது 25. விதவைக்குரிய ஓய்வூதியம் அவன் மனைவிக்கு மறுக்கப்பட்டது. முன்னர் அவனை நோயாளியென ஏற்று ஐந்து மாதம் படுக்கை கொடுத்ததும் இதே இராணுவந்தான் என்பதை வாசகர் மறக்கலாகாது.

அப்போரிற் பிரித்தானிய இராணுவ நீதிமன்றங்கள் விதித்த மரணதண்டனைகள் மூவாயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை பின்னர் குறைக்கப்பட, நிறைவேற்றப்பட்டவை 346. அவ்வாறு கொல்லப்பட்டோருள் அதிகாரிகள் மூவரே. அவுஸ்திரேலியச் சிப்பாய்கள் ஒருவரையேனும் பிரித்தானியத் தளபதிகளாற் சுட இயலவில்லை; அந்நாட்டுச் சட்டம் அதற்குத் தமது மகாதேசாதிபதியின் ஒப்புதலைக் கோரியது, ஒப்புதலோ கிடைக்கவில்லை. தப்பியோடுவோரைச் சுடாவிட்டாற் படையே கலைந்துவிடும் என்று வாதித்தவர்கள், சுடப்படாத அவுஸ்திரேலியப் படை இறுதிவரை எவ்வாறு போரிட்டது என்பதற்குத் தக்க விடை கூறவில்லை.

இனி வேறொரு மனிதரின் வரலாற்றை இதனருகே வைத்துப் பார்ப்போம். சீக்ஃபிரிட் சசூன் செல்வக் குடியிற் பிறந்தவர், கவிஞர், வீரத்துக்காகப் பதக்கம் பெற்ற அதிகாரி. முடிவுக்குக் கொண்டுவரும் ஆற்றலுள்ளவர்களே போரை வேண்டுமென்று நீட்டுகின்றனர் எனக் கண்டித்து 1917இல் ஓர் அறிக்கை விடுத்தார். யூலை மாத இறுதியில் அது பாராளுமன்றத்திலே வாசிக்கப்பட்டுப் பத்திரிகையிலும் வெளிவந்தது. அவரை நீதிமன்றில் நிறுத்தினால் நாடே அவர் சொல்லைக் கேட்கும். எனவே அவர் நோயாளி என முடிவுசெய்து, எடின்பரோ நகருக்கு அண்மையிலுள்ள கிரெய்க்லொக்காட் என்னும் அதிகாரிகளுக்கான வைத்தியசாலைக்கு அனுப்பினர். அவரது நண்பர் றொபேட் கிரேவ்ஸ் நல்லெண்ணத்தோடே இதற்குத் துணைநின்றார் என்பதும் உண்மை. நோயுற்ற சிப்பாய் சுகதேகி எனத் தீர்க்கப்பட்டுச் சுடப்பட்டான். சுகதேகியான அதிகாரி நோயாளி எனத் தீர்க்கப்பட்டுக் காப்பாற்றப்பட்டார். இரண்டுக்குமிடையே ஓராண்டுகூடக் கழியவில்லை. வைத்தியச் சொற்கள் எவருடைய தேவைக்கு வளைந்தன என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று யாம் அறியோம்.

சசூனைப் பொறுப்பேற்ற வைத்தியர் டபிள்யூ. எச். ஆர். றிவர்ஸ் என்பார். இவரும் மயர்சும் 1898இல் ரொறெஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக் குழுவில் ஒன்றாக இருந்தவர்கள். நீலகிரியிலே தோடருடன் பழகி 1906இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் எழுதியவர் றிவர்ஸ். நம் நாட்டு வேடரைப் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் இசை பற்றிய பகுதியை எழுதியவர் மயர்ஸ். அந்தச் செலிக்மனும் போர்க்காலத்தில் மனமுறிந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவரே. அயலாரின் வாழ்வை அவர்தம் வாய்மொழியாகவே கேட்டறிந்த பயிற்சி, பின்னர் தம் இனத்துச் சிப்பாய்களின் பேச்சைக் கேட்பதற்கும் இவர்களுக்கு உதவியிருக்க வேண்டும். இது எமது ஊகமே.

றிவர்சின் முறை பேச்சு. 'நடந்ததை மறந்துவிடு, நல்லவற்றையே நினை' என உறவினரும் பிற வைத்தியரும் கூறிய அறிவுரை நோயை வளர்க்கிறது என்று அவர் 1917 டிசெம்பரில் வாசித்த உரையொன்றில் எடுத்துக்காட்டினார். பகலில் அடக்கியது இரவிற் கனவாய்த் திரும்புகிறது. அஞ்சியதை அஞ்சியதாகவும், அழுததை அழுததாகவும் சொல்லக் கற்பதே குணமாதலின் தொடக்கம் என அவர் கருதினார். ஆண்மகன் அழலாகாது என்று கற்பித்த சமூகத்திலே இது சிறிய துணிவன்று.

வர்க்க வேறுபாடு நோயிலும் புலப்படுவதை றிவர்ஸ் கண்டார். சாதாரணச் சிப்பாய்களிடம் ஊமைமையும் முடக்குவாதமும் மிகுந்திருந்தன; அதிகாரிகளிடமோ உறக்கமின்மையும் கொடுங்கனவும் ஓயாக் கவலையும் காணப்பட்டன. கல்வியின் வேறுபாட்டாலும், கீழ்ப்படிதலையே கற்பிக்கும் பயிற்சியாலும் இது விளைகிறது என்பது அவரது விளக்கம். அவ்விளக்கத்தை முழுதாக ஏற்பதற்கில்லை. கவலையைச் சொன்னால் அதிகாரியின் சொல் நம்பப்பட்டது. சிப்பாயின் சொல்லை எவர் நம்பினர்? கால் முடங்கினாலன்றி அவனை முன்னரங்கிலிருந்து எவரும் தூக்கிச் செல்லார். நாவுக்கு மதிப்பில்லாத இடத்தில் நா அடங்கிவிடுவதும் வியப்பன்று.

றிவர்சின் கனிவை அனைவரும் போற்றுவர்; அவருடைய இக்கட்டையும் கூறவேண்டும். அவர் சிப்பாயுடைய வைத்தியர் மட்டுமல்லர், இராணுவச் சீருடை அணிந்த வைத்தியருங்கூட. அவர் குணப்படுத்தியவர் மீண்டும் அகழிக்குச் செல்லவேண்டும். அவருடன் உரையாடி உரையாடிச் சசூன் போருக்குத் திரும்பவே இசைந்தார். 1918 யூலையில் தலையில் குண்டுக்காயம் பட்டு உயிர்தப்பினார். அதே வைத்தியசாலையில், வேறொரு வைத்தியரின் பராமரிப்பிலே தேறி, அதன் சஞ்சிகைக்கு ஆசிரியராயுமிருந்த கவிஞர் வில்பிரட் ஓவன் தேறியபடியாற் போர்முனைக்குச் சென்றார். 1918 நவம்பர் 4ஆம் திகதி, போர் ஓய்வதற்கு ஒரு வாரம் இருக்கையில், கொல்லப்பட்டார். தம்மை நாடி வந்தோரைத் தாம் எதற்காகத் தேற்றுகிறோம் என்ற வினா றிவர்சை விட்டு நீங்கவில்லைப் போலும். போரின் பின் அரசியலை நாடி, தொழிற் கட்சியின் பாராளுமன்ற வேட்பாளராக நிற்க இசைந்தார். 1922 யூனில் திடீரென மறைந்தார்.

கிரெய்க்லொக்காட் அதிகாரிகளுக்குரியது. சாதாரணச் சிப்பாய்களுக்கு வாய்த்தது பலவகை. லிவர்பூலுக்கு அண்மையில் மாகல் என்னும் இடத்திலிருந்த வைத்தியசாலையில் அவர்களையும் அமர்த்திப் பேசவைத்த நல்ல வைத்தியர்கள் இருந்தனர். செலிக்மன் பணியாற்றியதும், றிவர்ஸ் முதலிற் பணியாற்றியதும் அங்கேயே. இலண்டன் குயீன் ஸ்குவெயரிலோ லூயிஸ் யெலன்ட் என்பார் மின்சாரத்தை நம்பினார். 1918இல் தாமே பெருமையுடன் வெளியிட்ட நூலில் 24 வயதுச் சிப்பாய் ஒருவனின் கதையைக் கூறுகிறார். மோன்ஸ் முதல் லூஸ் வரை மேற்குமுனையின் பெரும்போர்களிற் கலந்துகொண்டபின், சலோனிக்காவுக்கு அனுப்பப்பட்டுப் பேச்சிழந்தவன் அவன். நாவின் நுனியிற் சிகரெட்டுகளாற் சுடுவதும் அவனுக்கு ஏலவே சிகிச்சையாகச் செய்யப்பட்டிருந்தது. யெலன்ட் அவனை இருட்டறையிற் பூட்டி, கதிரையிற் கட்டி, தொண்டையின் உட்புறத்தில் மின்சாரம் பாய்ச்சினார். முன்போற் பேசும்வரை இவ்வறையை விட்டு நீ வெளியேறமாட்டாய் என்றார். நான்கு மணிநேரம். ஈற்றில் அவன் பேசினான், நன்றியும் கூறினான். நூலில் அது வெற்றியென எழுதப்பட்டிருக்கிறது. பேச்சு எங்கே போயிருந்தது, ஏன் போயிற்று என்று அவனை எவரும் கேட்கவில்லை.

போர் முடிந்தது. 1921 அளவில் நரம்புத் தளர்ச்சிக்காக ஓய்வூதியம் பெற்ற முன்னாட் சிப்பாய்கள் ஏறத்தாழ 65,000 பேர் எனக் கூறப்படுகிறது. அரசாங்கம் சவுத்பரோ பிரபுவின் தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தது. அதன் அறிக்கை 1922இல் வெளிவந்தது. நற்படைகளில் இந்நோய் அரிது, இதனை இழிவாகவே கருதவேண்டும் என்ற தொனியிற் சாட்சியமளித்த தளபதிகள் இருந்தனர். ஷெல் அதிர்ச்சி என்ற சொல்லை ஒழிக்கவேண்டுமென அறிக்கை கூறிற்று. அதே அறிக்கை, முன்னரங்கில் நிற்கும் காலத்தைக் குறைத்தல், ஒழுங்கான ஓய்வு, வீட்டு விடுமுறை ஆகியவற்றைத் தடுப்பு முறைகளாகவும் பரிந்துரைத்தது. மயர்ஸ் சாட்சியமளிக்க மறுத்துவிட்டார். அக்காலத்தை நினைவுகூர்தலே தமக்குப் பெரும் வேதனையென்று பின்னர் எழுதினார். மறுபுறம், போரிற் கலந்து காயப்பட்டவரும் தொழிற் கட்சி உறுப்பினருமான ஏர்ணெஸ்ற் தேர்ட்டில், வைகறைக் கொலைகளைப் பற்றிச் சிறுநூல் எழுதியும் பாராளுமன்றில் ஆண்டுதோறும் வாதாடியும் வந்தார். தளபதிகள் நிறைந்த பிரபுக்கள் சபை எதிர்த்தும், 1930இல் கோழைமைக்கும் படையைவிட்டோடலுக்கும் மரணதண்டனை நீக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரை பிரித்தானியப் படை அத்தண்டனை இன்றியே போரிட்டு முடித்தது.

இத்துணை விலைகொடுத்துக் கற்றதை அடுத்த போருக்கு எவரேனும் நினைவில் வைத்திருந்தனரா? வேற்படைக்கும் வாட்படைக்கும் வரலாறு எழுதும் இராணுவங்கள் இதனை மட்டும் மறந்துவிட்டன. பிரித்தானிய வான்படை, மேலும் பறக்க இயலாத விமானிகளுக்கு 'மனவுறுதி அற்றவர்' என்ற முத்திரையை 1940இல் உண்டாக்கிற்று. 1943 ஆகஸ்டில், சிசிலித் தீவின் வைத்திய நிலையங்களில், மனமுறிந்து படுத்திருந்த சிப்பாய்கள் இருவரை அமெரிக்கத் தளபதி பற்றன் ஒரே வாரகாலத்தில் வெவ்வேறு நாளிற் கன்னத்தில் அறைந்தார். அதே ஆண்டின் முற்பகுதியில், தூனிசியாவில், தளபதி பிராட்லி மேலான வழியொன்றைக் காட்டியிருந்தார்: இவர்களது சீட்டில் முதலில் 'களைப்பு' என்று மட்டும் எழுதுக, முன்னரங்குக்கு அண்மையிலேயே சில நாள் வைத்துக் கவனிக்க என்றார். களைப்பு என்ற சொல்லில் இழிவில்லை. வயலுழுதவனும் களைக்கிறான்.

1946இல் அமெரிக்க வைத்தியர் அப்பெல், புள்ளிவிபரவியலாளர் பீப் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு இவ்விடயத்தில் தலையாயது. போருக்குப் பழகிப்போதல் என்பது கிடையாது. போரில் நிற்கும் ஒவ்வொரு நாளும் மனிதனைத் தேய்க்கிறது. ஏறத்தாழ 200 முதல் 240 போர்நாட்களில் சராசரிக் காலாட்சிப்பாய் பயனற்றவனாகிறான் என்று அவர்கள் கணித்தனர். பிரித்தானியச் சிப்பாய் ஏறத்தாழ 400 நாள்வரை தாங்கினான் என்ற ஒப்பீட்டையும் தந்தனர். அவன் பன்னிரண்டு நாளுக்கொரு முறையோ அதற்கு முன்னரோ முன்னரங்கிலிருந்து விலக்கப்பட்டு நான்கு நாள் ஓய்வு பெற்றமையே காரணம். வீரமோ குலமோ நாட்டுப்பற்றோ அன்று. நான்கு நாள் ஓய்வு. துணிவு என்பது வங்கியிலிட்ட பணம் போன்றது, எடுக்க எடுக்கக் குறையும் என்று 1945இல் எழுதிய மோரன் பிரபுவும் முதற்போரின் அகழிகளில் வைத்தியராயிருந்து கண்டதையே சொன்னார். சிப்பாய்க்குச் செய்யும் தொழிலாளர் சட்டம் என்று இதனைக் கூறலாம்: வேலைநேரத்துக்கு ஓர் எல்லை வேண்டும்.

வியட்நாமில் அமெரிக்கா அந்த எல்லையை ஏற்றது. ஒருவருக்குப் பன்னிரண்டு மாதம், கடற்படைக் காலாட்களுக்குப் பதின்மூன்று என வரையறுத்தது. களத்தில் முறிந்தோர் தொகை குறைந்ததாகக் காட்டி மகிழ்ந்தது. ஆனால் சிப்பாய்கள் தனித்தனியே வந்து தனித்தனியே மீண்டனர். நேற்று வயற்காட்டிற் கொலை கண்டவன் ஓரிரு நாளில் விமானமேறித் தன் வீட்டு வாசலில் இறங்கினான். உடன்பட்டவர் எவரும் அருகிலில்லை. நோய் வீட்டிலே வெளிப்பட்டது. 1970 முதல் நியூயோர்க்கில் அவர்கள் கூடித் தமக்குள் பேசத் தொடங்க, அவர்களோடு லிவ்டன், ஷாட்டன் முதலிய மனநோய் வைத்தியர்கள் நின்றனர். அவர்களின் போராட்டத்தால் 1980இல் அமெரிக்க மனநோய் வைத்தியச் சங்கத்தின் கைநூலில் 'நெருக்கீட்டின் பின்னரான மனவடுநோய்' ஒரு நோயாக ஏறிற்று. பெயரைத் தளபதிகளோ திறைசேரியோ வழங்கவில்லை. நோயுற்றோர் கேட்டுப் பெற்றனர்.

ஹரி ஃபாருக்கு மீள்வோம். அவன் போன்றோரின் வழக்கேடுகள் நெடுங்காலம் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. ஏடுகள் திறக்கப்பட்ட பின்னர், தந்தை சுடப்பட்டபோது மூன்று வயதுக் குழந்தையாயிருந்த மகள் முதுமையில் நீதிமன்றேறி வழக்காடினார். 2006 நவம்பரில் நிறைவேறிய ஆயுதப்படைச் சட்டம் அவனுக்கும் அவனைப் போலச் சுடப்பட்டோருக்குமாக 306 பேருக்கு மன்னிப்பு வழங்கிற்று. மகளுக்கு அப்பொழுது 93 வயது. அச்சட்டத்தின் 359ஆம் பிரிவு மன்னிப்பை வழங்கியபின், அம்மன்னிப்பினால் முந்தைய தீர்ப்போ தண்டனையோ பாதிக்கப்படாதெனவும், எவருக்கும் எவ்வகை உரிமையோ உரித்தோ அதனால் எழாதெனவும் கூறுகிறது.